அடுப்படியில் பிள்ளைக்கு ஒரு வேலை

கத்திவாக்கத்தில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளியிலேயே ஆகிவிடுகிறது. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதோ ஒன்று, சாம்பாரோடு. மதியம் சத்துணவு, கூடவே ஒரு முட்டை. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகி, 2022 செப்டம்பரில் காலை உணவையும் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்கென்று மிஞ்சுவது மாலை நாலு மணிப் பசி, ராத்திரிச் சோறு, சனி ஞாயிறு, கோடை லீவு. இந்த அத்தியாயம் அந்த மிச்ச நேரத்துக்கானது.

இதில் எங்கேயும் 'இது உடம்புக்கு நல்லது' என்று பிள்ளையிடம் சொல்லச் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு 'உடம்புக்கு நல்லது' என்றால் மருந்து என்று அர்த்தம். கசக்கப் போகிறது என்று முடிவுகட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். விளையாட்டுச் சாமான் வேலை வேண்டாம், அது செய்யாவிட்டால் ராத்திரிக் குழம்பு ஆகாது என்கிற மாதிரி நிஜமான வேலை. தான் கிள்ளிய கீரையை, தான் ஆய்ந்த மீனை, தான் பிசைந்த மாவைப் பிள்ளை வேறு கண்ணோடு பார்க்கும். முதல் நாளே தின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைத் தள்ளிவிடுகிற வேகம் குறையும்.

நாலு மணி

பையை எறிந்துவிட்டு வருகிற பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள். வீட்டில் டீயும் பொறையும் இருக்கும். இரண்டும் பசியை அப்போதைக்கு அடக்கிவிடும், எட்டு மணிக்குச் சோறு இறங்காது. 'பிள்ளை எதுவுமே சாப்பிட மாட்டேங்குது' என்று அலுத்துக்கொள்கிற தாய்மாரிடம் நான் முதலில் விசாரிப்பது நாலு மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்றுதான்.

டீ விஷயத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சாப்பாட்டோடு ஒட்டிக் குடிக்கும் டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்கே சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்பது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு. அப்படியிருக்க, பிள்ளைக்கு டீ எதற்கு?

நாலு மணிக்கு முளைகட்டின பயறு வைத்துப் பாருங்கள். ஒரு டம்ளர் பச்சைப்பயறைக் காலையில் ஊறப்போடுவது பிள்ளையின் வேலை. ராத்திரி தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, ஒரு கிண்ணத்தில் வைத்து மூடுவதும் அதன் வேலைதான். எண்ணூர்க் கரையின் புழுக்கத்துக்கு மறுநாள் விடிவதற்குள் வால் விட்டிருக்கும். பள்ளிக்குக் கிளம்புமுன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகட்டும். அன்று மாலை அதை எடுத்து ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துவிடுங்கள். பச்சையாகத் தின்றால்தான் சத்து என்பார்கள். நம் ஊர் வெக்கையில் முளையோடு கிருமியும் வளரும் என்பதால், சின்னப் பிள்ளைக்கு வேகாத முளைப்பயறை நான் கொடுக்க மாட்டேன். இறக்கியபின் தேங்காய்ப்பூ, மாங்காய்க் கீற்று, அரை மூடி எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையைப் பிழிய பிள்ளையை விடுங்கள், கொட்டையை எடுத்துப்போடுவதிலேயே பாதி உற்சாகம். பயறில் இருக்கும் இரும்பை உடம்பில் சேர்ப்பது அந்தப் புளிப்பில் இருக்கும் வைட்டமின் சி.

கூடைக்காரம்மாவிடம்

கத்திவாக்கம் வீட்டுக்கு மற்ற ஊர்க்காரர்களிடம் இல்லாத ஒரு வசதி, மீன். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லாம் கூப்பிடு தூரம். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீன் காலையிலேயே அன்னக்கூடையில் தெருவுக்கு வந்துவிடும். சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கூடையண்டை உட்காருங்கள்.

மூன்று விஷயம் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். கண் துருத்திக்கொண்டு பளிச்சென்று இருக்க வேண்டும், குழிவிழுந்து வெளுத்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கினால் உள்ளே நல்ல சிவப்பு. விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்ப வேண்டும், பள்ளம் நிற்கக் கூடாது. விற்கிற ஆயா கோபித்துக்கொள்ளுமோ என்று தயங்க வேண்டாம். "இன்னா ஆயா, இது ஐஸ் மீனா?" என்று ஒரு பொடிசு கேட்டால், "நீயே செவுள தூக்கிப் பாரு கண்ணு" என்று கூடையை அதன் பக்கம் நகர்த்துகிற ஆயாக்கள்தான் இங்கே அதிகம். மீன் பாடத்துக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

வாங்க வேண்டியது நெத்திலி. வஞ்சிரத்தின் விலையில் கால்வாசி கூட ஆகாது, பிள்ளைக் கைக்கு ஏற்ற அளவு, ஆய்வதற்குக் கத்தியே வேண்டாம். இடது கையில் மீனை மல்லாத்திப் பிடித்து, தலைக்குக் கீழே வலது கட்டைவிரல் நகத்தை அழுத்தி, தலையை வயிற்றுப் பக்கமாகக் கிள்ளி இழுத்தால், குடல் ஒரு நூல் மாதிரி தலையோடு சேர்ந்து வந்துவிடும். முதல் பத்து மீன் பிய்ந்துபோகும், அதையும் குழம்பில் போடலாம். ஏழு வயதுக்கு மேல் இந்தக் கைப்பக்குவம் ஒரே உட்காரலில் வந்துவிடுகிறது. பிறகு மண்சட்டியில் கல்லுப்பு போட்டு உரசி, மூன்று நாலு தண்ணீர் அலச வேண்டும். உப்பு உரசுகிற வேலையை ஐந்து வயதுக்குக் கொடுக்கலாம், கையில் கீறல் எதுவும் இல்லாவிட்டால். சின்ன நெத்திலியை முள்ளோடு மெல்லுவதால் கால்சியம் தனியாகத் தேட வேண்டியதில்லை. நாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு மட்டும் முள்ளை எடுத்துவிட்டு, சோற்றில் பிசைந்து கொடுங்கள்.

கவலை, கானாங்கெளுத்தி, சங்கரா என்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். வாங்கியதன் பெயரைச் சுவர் நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு எதிரே பிள்ளையே எழுதட்டும், படம் வரையட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும்: பெரிய மீன் பெயர்கள் காணாமல்போய், ஃபைபர் படகில் வருகிற பொடிமீனும் கருவாடும் மட்டும் நிற்கும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகத்தான் இந்தத் தடை என்பதைக் கோடை லீவில் சும்மா சுற்றும் பிள்ளைக்குச் சொல்ல இது நல்ல சமயம். கருவாட்டைச் சமைக்குமுன் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பிள்ளை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பட்டும். உப்பைப் பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியிருக்காது.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. கொசஸ்தலை கடலில் சேர்கிற இந்த முகத்துவாரம் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் பேர்போனது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பல ஆண்டுகளாக அதில் கலந்து படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், முகத்துவாரம் வரைக்கும் படர்ந்து வலையையும் படகையும் கறுப்பாக்கியது ஊருக்கே தெரியும். ஆற்றை நம்பிப் பிழைப்பவர்கள் செய்த பாவம் இல்லை இது, அவர்கள் தலையில் வந்து விழுந்தது. ஆனாலும் பிள்ளையின் தட்டு என்று வரும்போது கொஞ்சம் கறாராகத்தான் இருக்க வேண்டும். வாங்கும்போது கடல் மீனா ஆற்று மீனா என்று கேளுங்கள், ஆயாக்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். மட்டியும் ஆளியும் தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர்கள், தண்ணீரில் உள்ள உலோகங்கள் அவற்றின் உடம்பில் தங்கிவிடும். அதனால் ஆற்றிலிருந்து அவற்றைப் பொறுக்கி வந்து பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். நண்டானால் உள்ளே இருக்கும் செவுளையும் மஞ்சள் கொழுப்பையும் எடுத்துப்போட்டுவிட்டுச் சதையை மட்டும் கொடுங்கள். கடலிலும் பெரிய மீனைவிடச் சிறுமீனே மேல். சிறுமீனைத் தின்று பல வருஷம் வாழும் பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும்.

சன்னல் ஓரத்துக் கீரை

மண் விஷயத்திலும் இதே கறார். 'வீட்டுக் கொல்லையில் தோட்டம் போடுங்கள்' என்று மற்ற ஊர் வழிகாட்டிகள் சுலபமாக எழுதிவிடுகின்றன. இங்கே பலருக்குக் கொல்லையே கிடையாது. இருக்கிற இடத்திலும் சாம்பலும் எண்ணெயும் கலந்திருக்கலாம் என்பதால், தரையில் கீரை விதைக்க வேண்டாம். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய எரு மூன்றையும் விலைக்கு வாங்கிச் சம அளவில் கலந்து, மீன் வந்த தெர்மாகோல் பெட்டியை நன்றாகக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டு நிரப்புங்கள்.

விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம், அஞ்சறைப்பெட்டி வெந்தயம் போதும். ஒரு ராத்திரி ஊறிய வெந்தயத்தைப் பிள்ளை தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்தி, அரிசி கழுவிய தண்ணீரைத் தெளித்து வரட்டும். மூன்றாம் நாள் தலைகாட்டும், மூன்று வாரத்தில் கிள்ளலாம். கொத்தமல்லி இதைவிட மெதுவாக வரும், பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அதனால் அதை முதலில் எடுக்காதீர்கள். கிள்ளிய கீரையைப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். லாரி ஓடுகிற சாலையோரத்து வீடு என்றால் கறுப்பாக ஏதோ தங்கும். கீரையை ஏன் மூன்று தண்ணீர் அலசுகிறோம் என்ற கேள்விக்கு அந்தப் பாத்திரமே பதில் சொல்லும். ஒரு பெட்டிக் கீரை ஒரு வேளைப் பருப்புக்குக் கூடக் காணாது, பரவாயில்லை. மிச்சத்தைக் கடையில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், 'இது பாப்பா வளர்த்த கீரை' என்றே பரிமாறுங்கள்.

ஸ்பூன் கணக்கு

இது மூன்றாம் வகுப்புக்கு மேலே, பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு. 250 மில்லி குளிர்பானப் பாட்டில் ஒன்று, சர்க்கரை டப்பா, டீஸ்பூன், கண்ணாடி டம்ளர். பாட்டிலின் பின்பக்கத்தில் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று பொடி எழுத்தில் இருக்கும். கோலா வகைகளில் பெரும்பாலும் பத்து, பத்தரை கிராம். அதை இரண்டரையால் பெருக்கினால் 26 கிராம் சுமாருக்கு வரும். தட்டையாக அள்ளிய ஒரு டீஸ்பூன் 4 கிராம். பிள்ளையே அள்ளி அள்ளி டம்ளரில் போடட்டும். ஆறரை ஸ்பூன் போட்டதும் டம்ளரின் அடி வெள்ளையாக மேடு தட்டியிருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக் கூடாது, அதிலும் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாதி என்றால் 21 கிராம், ஐந்து ஸ்பூன். ஒரு பாட்டிலே அதைத் தாண்டிவிட்டது. இதற்குமேல் எதுவும் பேசாதீர்கள். சர்க்கரையைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நொறுக்குத் தீனிப் பாக்கெட்டில் உப்பு 'சோடியம்' என்ற பெயரில் இருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 2 கிராம் உப்பு. பாக்கெட் 25 கிராம் என்றால் அரை கிராம். பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராம்தான் எல்லை, பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. கணக்கை இங்கே நிறுத்தினால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலும் உப்பு கூடுதல்தான். பாக்கெட்டை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு ஊறுகாய்ப் பாட்டிலைத் தப்பவிட்டால் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

வீட்டு அத்தோ

வடசென்னைப் பிள்ளைக்கு அத்தோவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம், இன்று பாரிமுனைப் பக்கத்து வண்டிக்கடைகளின் அடையாளம். அதைக் கையாலேயே பிசைந்து தருவார்கள் என்பதுதான் நமக்கு வாய்ப்பு.

வேகவைத்து ஆறிய நூடுல்ஸ் ஒரு பங்கு என்றால், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும் கேரட்டும் சேர்ந்து இரண்டு பங்கு. கடையில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும். வறுத்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய் இரண்டு ஸ்பூன், பொட்டுக்கடலைத் தூள், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் கொஞ்சம், கொத்தமல்லி. அடுப்பு வேலை உங்களுடையது. கோஸை இலை இலையாகப் பிரிப்பது, பொட்டுக்கடலையை உரலில் இடிப்பது, புளியைக் கரைப்பது, கடைசியில் அகலமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பத்து விரலாலும் பிசைவது பிள்ளையுடையது. புளி போதுமா, உப்பு போதுமா என்று அதன் நாக்கையே கேளுங்கள். அது 'இன்னும் புளி' என்றால் இன்னும் புளிதான். அவித்த முட்டையைப் பிளந்து மேலே வைத்துவிட்டால் ராத்திரிச் சாப்பாடே முடிந்தது. கூடக் குடிக்க வாழைத்தண்டு சூப். தண்டை வட்டமாக நறுக்கும்போது வருகிற நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கும் வேலைக்கு அண்ணன் தங்கைக்குள் சண்டையே வரும்.

அப்பா ஷிப்ட் வேலைக்குப் போகிற வீடுகளில் இதை ஞாயிறு ராத்திரி வைத்துக்கொள்ளலாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்தால் அடுப்படி அம்மாவுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் வளராது. "நைனா செஞ்ச அத்தோ" என்று பள்ளியில் போய்ச் சொல்லிக்கொள்ளட்டுமே.

தட்டின் முன்னால்

என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. இந்தப் பங்கீட்டை அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் சொல்லிவைத்தார், நம் வீட்டிலும் செல்லும். புதுக் காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை அது தட்டுக்கு வர வேண்டியிருக்கும். நாம் இரண்டு தடவையில் 'இவனுக்குப் பாகற்காய் ஆகாது' என்று ஜாதகம் எழுதிவிடுகிறோம். ஒரு துண்டு வையுங்கள், தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கினால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள்.

ஆயா, தாத்தாவோடு மட்டும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். 'ரெண்டு வாய் கீரை சாப்பிட்டா சாக்லேட் தரேன்' என்ற பேரம் அவர்கள் பாசத்தில் சொல்வது. பிள்ளை புரிந்துகொள்வதோ கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று. செல்போனில் படம் காட்டி ஊட்டுவதும் அப்படித்தான், வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

சில எச்சரிக்கைகள்

அரிவாள்மனை, கொதிக்கும் எண்ணெய், குக்கர் மூன்றையும் பத்து வயது வரை கிட்டே விடாதீர்கள். முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை நாலு வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும், நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். இறாலோ கடலையோ தின்று உதடு வீங்கினாலோ தடிப்பு வந்தாலோ மறுபடி பரீட்சித்துப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்த வேலைகளால் தீராத சங்கதிகளும் உண்டு. மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாம்பல் இவற்றைத் திருட்டுத்தனமாகத் தின்கிற பிள்ளையை அடித்துப் பயனில்லை. அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். நம் பகுதி மண்ணில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அது வயிற்றுக்குள் போவது வேறு ஆபத்து. கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தாலும், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினாலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இருமுறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளை விழுங்கியதா, பைக்குள் வைத்துக்கொண்டு வந்ததா என்றும் அன்று சாயங்காலமே கேளுங்கள்.